வேலை மனுவும் இயந்திரமும்

அந்நாளைய பம்பாயில், மாதுங்காவில் குடியேறிய தமிழர் பலருக்குத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் சோறு போட்டன. வேலைக்கு மனு எழுதித் தர ஆங்கிலம் அறிந்த மாமாவோ, பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவோ இருந்தார். தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வசதி வாய்த்ததில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், தமிழில் சொன்னாலே ஆங்கில மனு தயாராகிவிடுகிறது. இதை இழுக்கென்று பழிப்போர், மாமா எழுதித் தந்த காலத்தில் வாய் திறந்தவர்களல்லர்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. விவரம் கொடாமல் கேட்டால், இயந்திரம் இல்லாத அனுபவத்தையும் இட்டுக்கட்டி எழுதிவிடும். நேர்முகத் தேர்வில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் பையன்தான். பத்துப் பேர் மனுவும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பது தனிக் கதை.

விடியுமுன் தகப்பனாரோடு இட்லி கொண்டுபோய்க் கொடுத்து, பாக்கியைக் குறித்து வைத்து வசூலித்தவன், அதை எழுத வெட்கப்படுகிறான். கணக்கு உதவியாளர் வேலைக்கு அதைவிடத் தகுதி ஏது? அதையே தமிழில் சொல்லி, ஆங்கிலமாக்கச் சொல்லட்டும். வந்ததை வரிவரியாகப் படித்து, தனக்குப் பொருள் விளங்காத சொல்லை அடித்துவிடட்டும். ஆதார் எண்ணை இயந்திரத்திடம் கொடுக்கவே வேண்டாம்.

இதைச் சொல்லிக்கொடுக்க நம் தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். பொன்னாடைகளை அடுத்த வாரம் போர்த்திக்கொள்ளலாம்.