போத்தலுக்கு அஞ்சு வெள்ளி குறைக்கச் சொல்லும் பக்தர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

புரட்டாசி பிறந்தாச்சு. அடுத்து நவராத்திரி, அப்புறம் தீபாவளி. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கோயில் வாசலில் நம்ம அக்காமார்கள் பலகார ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் பிஸ்கட். கூடவே வழக்கமான பேச்சும் ஆரம்பிச்சாச்சு. "ஒரு போத்தல் 25 வெள்ளியா? கிள்ளான் லிட்டில் இந்தியாவுல மலிவா கிடைக்குதேக்கா, அஞ்சு வெள்ளி குறைங்க."

வாசலில் தொண்டு செய்யும் எங்கள் காதில் இது எல்லாம் விழுது.

நாங்கள் ஃபேக்டரியில் தினமும் உற்பத்திக் கணக்கு பார்க்கிறவர்கள். இதையும் போட்டுப் பார்த்தோம். நெய் பிஸ்கட்டுக்கு மாவு 1 கிலோ, நெய் அரைக் கிலோ, ஐசிங் சீனி அரைக் கிலோ. மொத்தம் 2 கிலோ. ஒன்று 10 கிராம் என்று உருட்டினால் 200 பிஸ்கட், போத்தலுக்கு 50 என்றால் நாலே நாலு போத்தல். வீட்டு அவனில் ஒரு நேரத்துக்கு ஒரு தட்டுதான் சரியா வேகும். தட்டுக்கு 40, அஞ்சு தட்டு, ஒவ்வொன்றும் 20 நிமிஷம். மாவு சலிக்கணும், 200 உருண்டை கையால உருட்டணும், நல்லா ஆறவிட்டுத்தான் அடுக்கணும். சூட்டோட அடுக்கினா உடைஞ்சு தூளாகும். எப்படிப் பார்த்தாலும் 5 மணி நேரம். 2025-ல் அரசாங்கம் வச்ச குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. 5 மணி நேரத்துக்கு 40 வெள்ளி 85 காசு. அதாவது போத்தலுக்கு கூலி மட்டும் 10 வெள்ளி. நெய் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும், கேஸ், கரண்ட், போத்தல் எல்லாம் தனி. நீங்க குறைக்கச் சொல்ற அந்த அஞ்சு வெள்ளி அவங்க கூலியில் பாதி!

கடைக்காரர்கள் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவங்க மூட்டை மூட்டையா வாங்கி, மெஷின் வச்சுப் போடுறாங்க. அந்த விலையை ஃபிளாட்டில் ஒற்றை அவன் வச்சிருக்கிற அக்காவிடம் கேட்கிறதுதான் நியாயமில்லை. விலையை அடிச்சு அடிச்சு கேட்டா என்ன ஆகும்? நெய் போய் மார்ஜரின் வரும். அப்புறம் "முன்ன மாதிரி மணமே இல்லை"ன்னு நீங்களே சொல்வீங்க.

இன்னொரு கூட்டம், பிஸ்கட் வெள்ளைக்காரன் பண்டம், தீபாவளிக்கு எதுக்குன்னு கேட்குது. மிக்சரில் கிடக்கிற மிளகாயும் நிலக்கடலையும் எங்கேயிருந்து வந்ததாம்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து. நெய், மாவு, சீனி மூணுதான் நெய் பிஸ்கட். முட்டை கிடையாது. தீபாவளி காலையில் வீட்டுப் படையலில் தாராளமா வைக்கலாம். (பைனாப்பிள் தார்ட்டை கேட்டுட்டு வைங்க, மேலே முட்டை மஞ்சள் கரு பூசுவாங்க.)

விலை பேசுறதைவிட மோசம், ஆர்டர் கொடுத்துட்டு கைவிடுறது. போன தீபாவளி அக்டோபர் 20. அதுக்கு ரெண்டு நாள் முன்ன, நம்ம கோயிலுக்கு வரும் ஒரு அக்காவிடம் 60 போத்தல் சொல்லியிருந்த ஒரு ஆபீஸ், "ஹேம்பர் வாங்கிட்டோம், வேண்டாம்"னு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிட்டு முடிச்சுக்கிட்டாங்க. முன்பணம் கிடையாது. நெய் வாங்கினது கடன்ல. மூணு பிள்ளைங்களோட தனியா இருக்கிற அம்மா. நாங்கள் தொண்டர்கள் ஆளுக்குக் கொஞ்சமா 40 போத்தல் எடுத்தோம், மீதி 20 வீட்டிலேயே கிடந்தது.

அஞ்சு வெள்ளிக்கு வாசலில் அவ்வளவு பேச்சு பேசுறவங்க, உள்ளே போய் உண்டியலில் அம்பது வெள்ளி போடுறாங்க. அம்பாளுக்குப் போடுங்க, வேணாம்னு சொல்லலை. வாசலில் நிக்கிறதும் அவ பிள்ளைங்கதானே?

இந்த வருஷம் ஆர்டர் நோட்டு அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். பேர், போன் நம்பர், எத்தனை போத்தல்னு எழுதி, பாதிப் பணத்தை நேரா அந்த அக்காகிட்ட கொடுங்க. விஜயதசமி அன்னைக்கு நோட்டை மூடிடுவோம். விலை நோட்டுலேயே எழுதியிருக்கும். அதில் பேரம் கிடையாது.