மன்னிக்கும் உரிமை யாருடையது?

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்ட வேளை. காத்தான்குடிக் கடைத்தெருவிற் புடவைக் கடையொன்றின் வாசலில், கடைக்கார முஸ்லிம் பெரியவரும் படுவான்கரையிலிருந்து வந்த போடியார் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தனர். பேச்சு நெல்விலையிற் தொடங்கிச் சினிமாவிற் சென்று நின்றது.

“காக்கா, நம்மட பொடியன் அந்தச் ‘சைக்கோ’ படத்தைப் பார்த்துப்போட்டு ரெண்டு நாளாச் சோறு தின்னுறான் இல்ல. அவ்வளவு ரத்தமாம்.”

“ரத்தம் கிடக்கட்டும் போடியார். இத்தனை பேரைக் கொன்றவனை அந்தப் புள்ள மன்னிச்சுப்போட்டுப் போறாளே, செத்த புள்ளைகளுக்கு உம்மா வாப்பா இல்லையா?”

அருகில் நின்று கேட்ட நமக்கு அந்தக் கேள்வி இன்றளவும் மறக்கவில்லை. படத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய பக்கம் பக்கமான விமரிசனங்களினும் அவ்வொரு கேள்வியே ஆழமானது என்பது நம் கருத்து. அதன் காரணத்தைக் கூறுவோம்.

மிஷ்கின் இயக்கிய ‘சைக்கோ’ 2020 ஜனவரி 24ஆம் திகதி திரைக்கு வந்தது. பெண்களைக் கடத்திச் சென்று, தலையைத் துண்டித்து, தலையற்ற உடலைப் பொதுவிடங்களிற் கிடத்திவிட்டுப் போகும் ஒரு கொலைஞன். அவன் கையிற் சிக்கிய வானொலி அறிவிப்பாளராகிய ஒரு பெண். அவளை மீட்கப் புறப்படும் பார்வையற்ற இசைக்கலைஞன். இதுவே கதை. உதயநிதி ஸ்டாலின், அதிதி ராவ் ஹைதரி, நித்யா மேனன் முதலியோர் நடித்தனர். இசை இளையராஜா. வயது வந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழோடு வெளிவந்த படம்.

மக்கள் அதனை எவ்வாறு ஏற்றனர்? ஒளிப்பதிவையும் இசையையும் போற்றினோர் பலர். கொலைஞன் இத்தனை உடல்களை ஊர் நடுவே போட்டுச் செல்கையில் காவற்றுறை எங்கே போயிற்று, வீதிக்கு வீதி இருக்கும் கமராக்கள் எங்கே போயின என்று கேட்டோர் பலர். ஆயினும் எல்லாக் குறைகளினும் பெரிதாய் எழுந்த குறை ஒன்றுண்டு. அக்கொலைஞன் பள்ளிப் பருவத்திற் கொடுமைக்கு ஆளானவன் என்று காட்டி, அவன்பால் நம் நெஞ்சை நெகிழச் செய்ய முனைந்தது படம். கடத்தப்பட்ட பெண்ணே அவன்மீது இரக்கங் கொண்டாள். அதைக் கண்டு கண் கலங்கினோர் சிலர், கொதித்தெழுந்தோர் பலர்.

கொதித்தவர்களை நோக்கி, ‘கருணையை உணரும் பக்குவம் இல்லாதவர்கள்’ என்று சில அறிஞர்கள் ஏளனம் பேசினர். அந்த ஏளனம் தகாது. தமிழ் மக்கள் இரத்தத்துக்கு அஞ்சிப் படத்தை வெறுத்தவர்கள் அல்லர். 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளிவந்தது. பெண்களைக் கொன்று குவிக்கும் செல்வச் சீமானாகக் கமல்ஹாசன் நடித்தார். மக்கள் அப்படத்தை வெற்றிபெறச் செய்தனர். 2018இல் ராம்குமாரின் ‘ராட்சசன்’ வந்தது. பள்ளிச் சிறுமிகளைச் சிதைத்துக் கொல்லும் ஒருவனின் கதை அது. அதனையும் மக்கள் வரவேற்றனர். அவ்விரண்டு படங்களும் கொலைஞனின் பழைய துயரத்தைச் சொல்லாமல் விடவில்லை. எனினும் முதற்படத்தின் கொலைஞன் ஈற்றிற் சிறையிற் கிடந்தான், இரண்டாமவன் மாண்டான். 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்கொக் எடுத்த ஆங்கிலச் ‘சைக்கோ’விலும் கொலைஞனின் மனநோயை மருத்துவர் ஒருவர் விளக்குவார், ஆனால் விளக்கம் நடக்கையில் அவன் காவலிலே இருப்பான். இரத்தம் மிகையாய்த் தெரியக்கூடாதென்று ஹிட்ச்கொக் அப்படத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே, கொலைஞனைப் புரிந்துகொள்ளுங்கள் என்றபோது மக்கள் செவிசாய்த்தனர். அவனை மன்னித்து விடுங்கள் என்றபோதே முகஞ் சுளித்தனர். புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு என்பதை ஏட்டறிவில்லாத விவசாயியும் அறிவான்.

இப்படத்துக்கு அங்குலிமாலன் கதையே வித்து என்று மிஷ்கின் கூறினார். கொலைஞனுக்கும் அங்குலி என்றே பெயர். இலங்கையில் வாழும் நமக்கு அக்கதை புதிதன்று. கொன்றோரின் விரல்களைக் கோத்து மாலையாய் அணிந்தவன் அங்குலிமாலன். புத்தர் பெருமானை எதிர்கொண்டு மனந்திரும்பித் துறவியானான். அவன் பெயரால் வழங்கும் பிரித்தை நிறைமாதக் கர்ப்பிணிகளின் சுகப்பிரசவம் வேண்டிச் சிங்கள மக்கள் இன்றும் ஓதுகின்றனர். உயிரைப் பறித்தவன் பெயர் உயிர் பிறக்கும் வேளையில் ஒலிப்பது வியத்தற்குரியதே.

ஆனால் அக்கதையின் மறுபாதியைப் படம் மறந்துவிட்டது. துறவியான அங்குலிமாலன் பிச்சைப் பாத்திரம் ஏந்தி நகருள் சென்றபோது மக்கள் கல்லெறிந்தனர், தடிகொண்டு தாக்கினர். மண்டை உடைந்து, பாத்திரம் நொறுங்கி, சீவரம் கிழிந்து அவன் திரும்பினான். புத்தர் அம்மக்களைக் கடிந்தாரில்லை. செய்த வினையின் பயன் இது, பொறுத்துக்கொள் என்று அவனுக்கே உரைத்தார். கருணையின் வடிவான அப்பெருமானே கொலையுண்டோரின் சுற்றத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு வற்புறுத்தவில்லை. அவர்களின் சினத்துக்கும் அக்கதையில் இடமுண்டு. ‘சைக்கோ’வில் அதற்கு இடமேது? மாண்ட பெண்கள் தலையற்ற உடல்களாய் வந்து போகின்றனர். அவர்கள் எவர் மகள், எவர் தங்கை, அவர்கள் வீட்டில் அன்றிரவு விளக்கெரிந்ததா என்று காட்டுவதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. கொலைஞனின் இளமைத் துயருக்குக் கிடைத்த இடமோ பெரிது. மீண்டு வந்த ஒருத்தி தன் துன்பத்தை மன்னிக்கலாம். அஃது அவள் பெருமை. மாண்டோர் அனைவர் சார்பிலும் மன்னிக்க அவளுக்கு அதிகாரம் அளித்தவர் யார்?

இஸ்லாமியச் சட்டமும் இதனையே கூறுகிறது. கொலைக்குப் பழி கோரவோ, ஈட்டுப்பணம் பெறவோ, மன்னித்து விடவோ உரிமை கொலையுண்டாரின் உரித்தாளருக்கே உண்டு. கடைவாசலில் அப்பெரியவர் கேட்ட கேள்வி இம்மரபில் ஊறி வந்த கேள்வி.

காத்தான்குடியில் அக்கேள்வி எழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்றோர்மீது துப்பாக்கிகள் முழங்கின. சிறுவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுதலைப் புலிகள் மேற் குற்றஞ் சாட்டப்பட்டது, அவர்கள் மறுத்தனர். குண்டு துளைத்த சுவரை அவ்வூரார் இன்றும் பூசி மறைக்கவில்லை. அடுத்த மாதம் 9ஆம் திகதி, மட்டக்களப்பு நகருக்கு அணித்தேயுள்ள சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் படையினராற் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் தப்பவில்லை. ஆணைக்குழு விசாரித்தது, தண்டனை பெற்றவர் எவருமில்லை. ஒரே வாவியின் கரைகளில், ஒரே மொழி பேசும் இரு சமூகங்களின் கண்ணீர் இது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. குழந்தைகள் பலர் மாண்டனர். அன்று நாடெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களின் தலைவன் காத்தான்குடியிற் பிறந்தவன். அவ்வொருவன் செய்த கொடுமைக்காக ஊர் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நின்றது. அந்த வடு ஆறாத ஒன்பதாம் மாதத்திலேதான் ‘சைக்கோ’ வந்தது. ஒருவன் எவ்வாறு கொலைஞன் ஆகிறான் என்ற கேள்வி அவ்வூர்த் தாய் தந்தையர்க்கு வெறுங்கதையன்று. தம் பிள்ளைகளைக் காக்கும் கவலை. அக்கேள்வியை எழுப்பிய அளவில் மிஷ்கின் நன்றிக்குரியவர். பிள்ளைகளை வதைக்கும் பள்ளி கொலைஞனை வளர்க்கும் என்ற எச்சரிக்கை எல்லா ஊருக்கும் பொருந்தும். அதனை மறுப்பாரில்லை.

ஆனால் இந்நாட்டில் ‘மறப்போம், மன்னிப்போம்’ என்ற மந்திரத்தை நாம் கேட்டுக் கேட்டுச் சலித்தோம். ஆட்சிபீடத்தில் ஏறுவோர் அனைவரும் அதனை ஓதுகின்றனர். கொன்றவன் யார் என்று சொல்லாமல், கொன்றதை ஒப்புக்கொள்ளாமல், மாண்டோர் பெயர்களை வாயாற் கூறாமல், மாண்டோரின் தாயைப் பார்த்து ‘மன்னித்துவிடு அம்மா’ என்கின்றனர். திரையில் ஓர் இயக்குநர் செய்த பிழையை நாட்டின் அரசுகள் ஆண்டாண்டாய்ச் செய்து வருகின்றன. இயக்குநர் பிழைக்குப் படமாளிகையைவிட்டு எழுந்து போகலாம். அரசின் பிழையிலிருந்து எழுந்து போக மக்களுக்கு வாசல் இல்லை.

எனவே இப்படத்தைத் தடைசெய்க என்று நாம் கூறோம். வயது வந்தோர்க்கு என முத்திரையிட்ட படம் பள்ளிப் பிள்ளையின் கைப்பேசிக்குப் போகாமற் பார்ப்பது பெற்றோர் கடன். கற்றறிந்தோர்க்கு நாம் கூறுவது, அப்படத்தின்மீது மக்கள் கொண்ட சினத்தை அறியாமையென்று இகழாதீர்கள் என்பதே. அச்சினத்தில் நீதியுணர்ச்சி உயிரோடிருக்கிறது. முதலில் உண்மை வெளிவரட்டும். பின்னர் குற்றம் ஒப்புக்கொள்ளப்படட்டும். அதன்பின் மன்னிப்பதா வேண்டாவா என்பதைக் கண்ணீர் சிந்தியவர்கள் தீர்மானிக்கட்டும். காத்தான்குடித் தாயும் சத்துருக்கொண்டான் தாயும் ஒருநாள் மனமுவந்து மன்னிக்கக் கூடும். அந்நாள் வருமாயின் அதனை வரவேற்க நாம் முதலில் நிற்போம். ஆனால் அந்தச் சொல் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும். அவர்களுக்காக வேறெவரும் அதைச் சொல்லிவிடலாகாது.