தாமலில் தைம் எதற்கு?

தாமல் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் தைம் வளர்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கணும். அது மத்தியதரைக்கடல் ஓரத்து வறண்ட மண்ணில் பிறந்த செடி. ஐப்பசி மழையில் வேர் அழுகினால் காசு போச்சு!

அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் தைமால். அதே சரக்கு நம்ம ஓமத்தில் ஏராளம். 1914-க்கு முன்னால் ஜெர்மனிக்காரர்களே இந்திய ஓமத்தை வாங்கித்தான் தைமால் எடுத்தார்கள். கிணற்றடி கற்பூரவல்லியிலும் தைமால், கார்வக்ரால் உண்டு. ஒரு கிளையை ஒடித்து நட்டால் துளிர்த்துவிடும். பஜ்ஜி, ரசம், சளிக்குக் கஷாயம்... எல்லாத்துக்கும் ஆகும். என்ன, இலை தடிப்பு, நீர் அதிகம். தைம் மாதிரி சுலபமாகக் காயவைத்து டப்பாவில் போட முடியாது. பீட்சாவுக்கு ஓமத்தைக் கசக்கித் தூவலாமே.

விருந்தாளி வந்தால் கற்பூரவல்லியைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு, வாடிப்போன தைமை வாசலில் வைப்பது எந்த ஊர் நியாயம்?