மதிப்புரை தேடும் நூலாசிரியர்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பகற்பொழுதைத் திருக்கோகர்ணத்திற் கழித்தோம். புதுக்கோட்டையை அடுத்த இவ்வூரைப் பலரும் குடைவரைக் கோயிலுக்காகவும், பிரகதாம்பாள் சந்நிதிக்காகவும், 1910-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரும்பொருட்காட்சிச் சாலைக்காகவும் அறிவர். எம்மை ஆங்கு இழுத்தது பிறிதொன்று. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் தம்பதியர் தம் வாழ்நாள் ஈட்டத்தைப் புத்தகங்களாக மாற்றி அமைத்த ஞானாலயா என்னும் நூலகம் இவ்வூரிலேதான் உள்ளது. தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடுவோர் பெரும்பாலும் இறுதியில் வந்து சேருமிடம் அதுவே.

யாம் வெறுங்கையோடு செல்லவில்லை. எம் பையில் ஒரு சிறு நூலின் இரண்டு படிகள் இருந்தன. அந்நூல் எம்முடையது. எம் ஊர்ப்புறத்துக் கண்மாய்கள், அவற்றின் மடைகள், குமிழிகள், கலிங்குகள், நீர் பங்கிடும் முறை ஆகியவற்றைக் குறித்து ஏழாண்டுகளாகத் திரட்டிய செய்திகளை, வெளியிடுவார் எவரும் முன்வராமையின், சொந்தப் பொருளில் முந்நூறு படிகள் அச்சிட்டோம். அச்சுக்கூடத்திற்குக் கொடுத்த பணம் எமக்குப் பாரமாகத் தோன்றவில்லை. அதன் பின்னர் நேர்ந்ததே பாரமாயிற்று.

எட்டுப் பத்திரிகைகளுக்கு, வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டாக, பதினாறு படிகள் தபாலிற் சென்றன. ஆறு பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. ஒன்று, ‘வரப்பெற்றோம்’ என்னும் தலைப்பின்கீழ் நூற்பெயரை மட்டும் இட்டது. அதிலும் கண்மாய் என்பது கண்மணி என்றாகியிருந்தது. எஞ்சிய ஒன்றிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மதிப்புரை வெளிவர இன்ன தொகை ஆகும் என்று மிக்க மரியாதையுடன் கூறினார். யாமும் அதே மரியாதையுடன் மறுத்துவிட்டோம். ஓர் அறிஞர் எம் வேண்டுகோட்கிணங்கி அணிந்துரை நல்கியிருந்தார். அதனைச் சமையல் நூலொன்றின் முகப்பில் ஒட்டினாலும் பழுதறப் பொருந்தும். கண்மாய் என்னும் சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. பிழை அவருடையதன்று. பதினைந்து நாளுக்குள் வேண்டுமென்று நெருக்கியவர் யாமே.

இந்நிலை புதியதன்று என்பதைப் பழைய இலக்கணமே காட்டும். நூலுக்குப் பாயிரம் செய்தற்குரியார் யாவர் என்று நன்னூலார் வகுத்துள்ளார்: நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன். நால்வரும் வேண்டியவர்களே என்பதைக் கருதுக! தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கிய அவ்வாசிரியர், அப்புகழை உற்றாரிடம் ஒப்புவித்ததில் வியப்பில்லை. ஆயினும் அக்காலத்தார் பாயிரத்தோடு அமைந்தாரல்லர். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் பெரும்புலவர் குற்றமறத் தெரிந்து ஆராய, அந்நூல் உரைக்கப்பட்டதென்று சொல்லுகின்றது. பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் பயின்றவர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆகவே, புகழ்ந்துரைக்க நண்பர் ஒருவர், தடுத்துக் கேட்க ஆசான் ஒருவர் என இரண்டு பணிகள் இருந்தன. அச்சு வந்த பின்னர் முன்னைய பணி சாற்றுகவியாகவும், அணிந்துரையாகவும், வெளியீட்டு விழா மேடைப் பேச்சாகவும் பெருகி வளர்ந்தது. பின்னையதற்கு ஆளில்லை. சொந்தமாக நூல் வெளியிடுவோர் இன்று மதிப்புரை வேண்டுமென்று கேட்கும்போது பெரும்பாலும் நாடுவது இன்னுமொரு பனம்பாரனாரையே. அவருக்குக் கிட்டாமற் போனவரோ அதங்கோட்டாசான்.

மேனாட்டிலும் இக்கதை உண்டு. அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் 1855-ஆம் ஆண்டில் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் கவிதைத் தொகுதியைத் தம் பொருளிலேயே பதிப்பித்தார். மதிப்புரைகள் போதாவெனக் கண்டு, பெயர் மறைத்துத் தம் நூலுக்குத் தாமே மூன்று மதிப்புரைகள் எழுதி வெளியிட்டார். எமர்சன் அவருக்கு வரைந்த பாராட்டுக் கடிதம் தனிக்கடிதம். அதனையும் இசைவு பெறாமல் நாளிதழில் வெளியிட்டு, 1856-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் நூலின் முதுகில் அதன் ஒரு தொடரைப் பொன்னெழுத்திற் பொறித்தார். தன் ஆற்றலை உணராதாரிடத்துப் புலவன் தன்னைப் புகழலாம் என்று நன்னூலார் விதிவிலக்கும் வைத்துள்ளார். விட்மன் அந்நூலைக் கண்டவரல்லர், கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்! அவருடைய கவிதை நிலைபெற்றது உண்மை. பெயர் மறைத்தெழுதிய மதிப்புரைகளால் நிலைபெற்றதென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இன்று அச்சிடுதல் எளிதாயிற்று. ஐம்பது படிகள் மட்டும் அச்சிட்டுத் தருவாரும் உளர். நூலுக்குரிய பன்னாட்டு எண் நம் நாட்டிற் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியிடுவோர் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலிய நான்கு பொது நூலகங்களுக்குப் படிகள் அனுப்பவேண்டும். ஆகவே ஒரு நூலுக்கு அலமாரியில் இடம் உண்டு என்பதற்குச் சட்டம் துணை நிற்கின்றது. அதனைத் திறந்து பார்க்குமாறு ஒருவரைப் பணிக்கும் சட்டமில்லை. பத்திரிகைகளிலோ மதிப்புரைப் பக்கங்கள் சுருங்கின. வரும் நூல்களோ பெருகின. பதிப்பகத்தாருக்கு அறிமுகம் உண்டு. தனியாளுக்குத் தபால் ரசீது ஒன்றே உண்டு. அமெரிக்காவில் கர்க்கஸ் என்னும் பழைய மதிப்புரை நிறுவனம், தாமே வெளியிட்டுக்கொள்ளும் ஆசிரியரிடம் கட்டணம் பெற்று மதிப்புரை எழுதுவிப்பதை வெளிப்படையாகவே நடத்துகின்றது. நம்மவர் சிலர் அதனை மறைவாக நடத்துகின்றனர். வெளிப்படைக்கு அந்த அளவு பெருமை உண்டு.

இவ்விடத்தே சி. சு. செல்லப்பாவை நினையாதிருக்க இயலாது. தமிழில் விமரிசனம் என்பது தனித்து நிற்கவேண்டிய ஒரு தொழில் என்று கருதி, 1959-ஆம் ஆண்டில் ‘எழுத்து’ என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவரும் அவரே. முதிர்ந்த வயதில் ‘சுதந்திர தாகம்’ என்னும் பெரு நாவலை 1997-ஆம் ஆண்டில் மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமானார். சாகித்திய அகாதெமியின் பரிசு அந்நாவலுக்கு 2001-ஆம் ஆண்டில் வந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் நூலைத் துருவிப் படித்தவர், தம் நூலுக்குக் கிடைத்த அப்பெருமையைக் காணவில்லை. காலந்தாழ்ந்த மதிப்பு என்பது அவருடைய ஏழ்மைக்கு என்ன செய்தது? இதனை எண்ணுந்தோறும், உரிய காலத்தில் எழுதப்படும் ஒரு பக்க மதிப்புரையைச் சிறிய தொண்டென்று சொல்ல எமக்கு நாக் கூசுகின்றது.

அத்தொண்டினைத் தலைநகரத்துப் பத்திரிகைகள்தாம் செய்யவேண்டும் என்பதும் இல்லை. 1947-ஆம் ஆண்டில் முருகு சுப்பிரமணியம் புதுக்கோட்டையிலிருந்து நடத்தத் தொடங்கிய ‘பொன்னி’, ‘பாரதிதாசன் பரம்பரை’ என்னும் வரிசையில் அறியப்படாத இளங்கவிஞர் பலரைத் தமிழுலகின்முன் நிறுத்திற்று. அப்போது புதுக்கோட்டை ஒரு சிறு சமஸ்தானம். அம்மன் காசு வழங்கிய ஊர். அத்தகைய ஊரிலிருந்து வந்த பத்திரிகைக்கு அது கூடியதாயின், ஆண்டுதோறும் தவறாது வெளிவரும் நம் கல்லூரி மலருக்குக் கூடாதா?

ஆதலின் எம் கருத்து இது. இம்மலரின் தமிழ்ப் பகுதியில் ஐந்தாறு பக்கங்களை, நம் சுற்றுவட்டாரத்தில் ஆசிரியர்கள் தாமே வெளியிட்ட நூல்களின் மதிப்புரைக்கு ஒதுக்கவேண்டும். எழுதுவோர் மாணவராகவே இருக்கட்டும். நிலநூல் பயில்வார் கண்மாய் நூலையும், தாவர நூல் பயில்வார் மூலிகை நூலையும் எடுத்துக்கொள்க. தம் ஆசிரியர் நூலையோ, நண்பர் நூலையோ எவரும் எடுத்தலாகாது. நன்னூலார் எம்மைப் பொறுத்தருள்க. அச்சேறுமுன் மதிப்புரையை நூலாசிரியருக்குக் காட்டவும் வேண்டா. ‘அருமை’, ‘சிறப்பு’ என்னும் சொற்களை நீக்கிய பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ அதனையே அச்சிடுக. நூலில் புதிதாக அறிந்தது ஒன்றையும், பிழையென்று கண்டது ஒன்றையும் பக்க எண்ணோடு காட்டிய மதிப்புரை பத்து வரியாயினும் போதும்.

நூலாசிரியருக்கும் ஒன்று சொல்லவேண்டும். புகழ் மிக்கவரை நாடி அனுப்புவதைவிடப் பொருளறிந்தவரை நாடி அனுப்புக. அனுப்பிய மறுவாரமே கைப்பேசியில் நினைவூட்டாதிருக்க. குறை கூறியவரைப் பகைவராக எண்ணி, நண்பரைக்கொண்டு மறுப்பெழுதுவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. யாமும் ஒருமுறை அதற்கு முனைந்து, நல்வாய்ப்பாக நண்பருக்கு நேரமின்மையால் தப்பினோம்.

எம் நூல் வெளிவந்து பத்து மாதங் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அயலூரிற் கிராம உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர். எமக்கு முன்பின் அறியாதவர். கோடிட்ட தாளில் நான்கு பக்கம். பாராட்டு ஒரு வரிதான். மீதியெல்லாம் பிழைகள்; எண்ணிட்டுப் பதினொன்று. ஒரு கண்மாயின் கலிங்கைக் கிழக்கே என்றெழுதியிருந்தோம். அது மேற்கே உள்ளதாம். இரு பெயர் வழங்கும் ஒரே கண்மாயை இரண்டாகக் கணக்கிட்டிருந்தோம். ஒரு மடையின் பெயருக்கு யாம் கூறிய காரணத்தைப் படித்துச் சிரித்ததாகவும் எழுதியிருந்தார். முதல் நாள் அக்கடிதத்தை இரண்டாம் முறை படிக்க எமக்கு மனமில்லை. மூன்றாம் நாள் பேருந்தேறிச் சென்று அந்தக் கலிங்கைப் பார்த்தோம். மேற்கேதான் இருந்தது.

கடிதத்தின் மடிப்பில் நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. தம்மிடமிருந்த படியை உறவினர் வாங்கிச் சென்று திருப்பித் தரவில்லையென்றும், மற்றொரு படி அனுப்புமாறும், திருத்தியே அனுப்புமாறும் கேட்டிருந்தார். கைவசம் எஞ்சிய படிகள் அனைத்திலும் பதினொரு இடங்களையும் மையினால் திருத்தினோம். முதற்படி அவருக்குச் சென்றது. திருக்கோகர்ணத்துக்கு யாம் எடுத்துச் சென்ற இரண்டும் அவ்வாறு திருத்திய படிகளே. அவற்றின் கடைசி ஏட்டில் அவருடைய நான்கு பக்கங்களையும் படியெடுத்து ஒட்டியிருக்கின்றோம்.