சக்கு பெருசு, கட்டை சிறுசு

"தேயிலைக் கட்டையை ஏன் அடுப்புல போடுறீங்க? பேனா, கீ-செயின், சொப்பு சாமான்னு கடைஞ்சு வித்தா நாலு காசு வருமே?" சென்னையிலயும் கோவையிலயும் இருக்கிற நண்பர்கள் இப்படி அடிக்கடி கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஆனா அடுத்த வரியிலேயே "ஒரு லேத்தும் ஒரு நாலு ஜா சக்கும் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சண்டை.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கடைசல் லேத்துல சுழலுற தண்டோட முனையில கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு உருண்டைதான் சக்கு. அதுல இருக்கிற பல்லு மாதிரியான துண்டுகள்தான் ஜா, அதாவது தாடை. சாவி போட்டுத் திருகினா நாலு தாடையும் ஒண்ணா நடுவை நோக்கி வரும்.

இப்ப எங்க கட்டையைப் பாருங்க. தேயிலையை விட்டா மரமா வளரும். நாங்க விடறதில்ல. கொழுந்து பறிக்க இடுப்பு உயரத்துலேயே நிறுத்தறோம், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து வெட்டறோம். அதனால அடியில முண்டும் முடிச்சுமா, நாலு பக்கமும் கிளைச்சு நிக்கும். பழைய செடியைப் பிடுங்கினாலும் நேரா நாலு இன்ச் கட்டை கிடைச்சா அதிர்ஷ்டம். அதைச் சதுரமா அறுத்தா முக்கால் இன்ச், மிஞ்சினா ஒரு இன்ச். பெரிய கட்டைக்கு சில்வர் ஓக்கை வெட்டலாமேன்னா, மலைப் பகுதி மரங்களுக்குன்னு 1955-லயே சட்டம் இருக்கு, நினைச்ச மாதிரி கோடாலி வைக்க முடியாது. ஆக நம்ம கையில இருக்கிறது சின்னச் சதுரக் கட்டை. அதுக்குத்தான் கருவி தேடணும்.

ஆனா நடக்கிறது என்ன? எங்க பக்கத்து ஊர்ல பெண்கள் சுயஉதவிக் குழு ஒண்ணுக்கு ஒரு திட்டத்துல லேத் கொடுத்தாங்க. நல்ல மெஷின். கூட வந்த சக்குல இருந்தது ரெண்டு இன்ச் ஜா. கிண்ணம், தட்டு கடையறவங்களுக்கு ஏத்தது. அந்த மாதிரி ஜாவை முழுசா மூடினாலும் நடுவுல பெரும்பாலும் ஒன்றரை இன்ச்சுக்கு மேல ஓட்டை நிக்கும். ஒரு இன்ச் சதுரக் கட்டையோட மூலைக்கு மூலை அளவே 36 மில்லிமீட்டர்தான், ஒன்றரை இன்ச்சுன்னா 38. கட்டை உள்ள விழுந்து ஆடும். ஆனைச் சங்கிலியில ஆட்டுக்குட்டியைக் கட்டின கதை. மெஷின் இப்ப சாக்குப் போர்த்தித் தூங்குது. ஊர்ல என்ன பேச்சு தெரியுமா? "பொம்பளைங்களுக்கு லேத் வரலை"ன்னு. வராதது அவங்களுக்கு இல்ல, வாங்கினவங்களுக்கு அளவு வரலை.

"பெரிய சக்கு வாங்கினா சின்னதையும் பிடிக்கும்"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். பெருசு சிறுசைப் பிடிக்காது.

"மூணு ஜா போதும், இரும்புப் பட்டறையில எல்லாம் அதுதானே"ன்னு இன்னொரு கட்சி. மூணு ஜா உருட்டுக் கம்பிக்கும் ஆறு மூலைக் கம்பிக்கும் சரி. நாலு பக்கக் கட்டையை மூணு தாடையில வச்சா நடுவுல உக்காராது. தாடை ஒவ்வொண்ணையும் தனித்தனியா நகர்த்துற நாலு ஜா சக்கு சதுரத்தைப் பிடிக்கும், கோணலையும் பிடிக்கும். ஆனா ஒவ்வொரு கட்டைக்கும் நடு பார்த்துத் திருகணும். நாளைக்கு நாப்பது கீ-செயின் கடையறவங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

சின்னச் சதுரத்துக்கு வேண்டியது சின்னதா மூடுற, மூக்கு நீண்ட ஜா. பின் ஜான்னு விக்கிறாங்க. கட்டை அதுல நல்லா உள்ள போய் உக்காரும், கவ்வுற நீளம் கூடும். பேனாவுக்குத் துளை போடணும்னா ‘வி’ வடிவத்துல வெட்டின ரெண்டு தாடை தனியா இருக்கு. கட்டையோட எதிரெதிர் மூலை ரெண்டும் அந்த வெட்டுல உக்காந்துடும், நடு தானா வரும். இதெல்லாம் சக்கு விலையில ஒரு பங்குதான். ஆனா ஒரு கம்பெனி ஜா இன்னொரு கம்பெனி சக்குக்குப் பெரும்பாலும் சேராது. அதனால ஜா எதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சக்கு வாங்கணும். கட்டைக்கு ஜா, ஜாவுக்கு சக்கு, சக்குக்கு மெஷின். திட்டம் போடுறவங்க இதைத் தலைகீழா வாங்கறாங்க.

கட்டையும் நேர்மையா இருக்கணும். ஒரு பக்கம் முக்கால், ஒரு பக்கம் ஒண்ணுன்னு அறுத்தா எதிரெதிர் ரெண்டு தாடைதான் தொடும், மத்த ரெண்டும் சும்மா நிக்கும். எங்க ஊர் மூடுபனியில ஈரம் காயாத கட்டை வேற. இறுக்கின இடம் நசுங்கி, கொஞ்ச நேரத்துல பிடி தளரும். நிறுத்தி மறுபடி இறுக்கணும். இல்லேன்னா பறக்கும். குளிருக்கு மப்ளரும் நீளக் கை ஸ்வெட்டரும் போட்டுட்டு லேத்துகிட்ட நிக்கறதும் வேண்டாம். தாடை கட்டையை விடலாம், கம்பளி நூலை விடாது.

சரி, சக்குதான் தெய்வமான்னா, அதுவும் இல்ல. பெங்களூர்-மைசூர் ரோட்டுல இருக்கிற சென்னப்பட்டணத்துல பொம்மைக்கு வெட்பாலைக் கட்டை கடையறாங்க. தண்டு முனையில குழியான ஒரு பிடி. கட்டையோட ஒரு முனையைச் சீவி, குழிக்குள்ள வச்சு, சுத்தியலால தட்டினா இறுகிடும். தாடையும் இல்ல, சாவியும் இல்ல. அந்த ஊர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. கட்டையோட அளவைப் பார்த்துப் பிடியைச் செஞ்ச தொழில் அது. நம்ம அம்பாசமுத்திரம் சொப்பு சாமானும் சின்னக் கட்டையில பிழைச்ச கைத்தொழில்தான். அந்தப் பட்டறைக்காரங்களை ஒரு வாரம் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருந்தா, பாதிப் பணத்துல குழு இன்னிக்கு ஓடிட்டு இருக்கும்.

பச்சைத் தேயிலை விலை எங்க கையில இல்ல. அடுப்புக்குப் போற கட்டையாவது கையில இருக்கட்டும்னுதான் இவ்வளவு பேசறேன். நகரத்து நண்பர்களே, கிராமத்துக்கு மெஷின் வாங்கித் தர்ற எண்ணம் இருந்தா ரொம்ப நல்லது. பில் போடறதுக்கு முன்னாடி அங்க கிடைக்கிற கட்டை ஒண்ணைக் கையில வாங்கி, ஸ்கேல் வச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க. கடைக்காரர் சக்கு எடுத்து வச்சதும் அந்தக் கட்டையை அதுல மாட்டச் சொல்லுங்க. பிடிச்சா பணம் கொடுங்க.