கணக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள்

“உயிரிப் புள்ளியியலில் எம்எஸ் படிக்கக் கணக்கு எதற்கு? ஆர் மென்பொருள் தெரிந்தால் போதும், சாஸும் தெரிந்தால் இன்னும் நல்லது. நுண்கணிதம் வேண்டும், நேரியல் இயற்கணிதம் வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் கேட்பதெல்லாம் கணினி வருவதற்கு முந்தைய பழக்கம். உயிரியலும் மருத்துவமும் படித்தவர்களை வாசலிலேயே நிறுத்தத்தான் அது உதவுகிறது.”

அட்மிஷன் காலம் வந்துவிட்டால் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டங்களில் சொல்கிறார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்சிகளில் சொல்கிறார்கள், போய்ச் சேர்ந்த சீனியர்களில் சிலரும் சொல்கிறார்கள். இதை நம்பி, கல்விக் கடன் வாங்கி அமெரிக்கா போகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திணறிப்போகிறார்கள். அதனால் இந்தப் பேச்சில் உள்ள ஒவ்வொரு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், அந்தத் துறைகள் கேட்பது என்ன? அமெரிக்காவின் உயிரிப் புள்ளியியல் எம்எஸ் படிப்புகளில் பெரும்பாலானவை கேட்பது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். பல மாறிகள் கொண்ட நுண்கணிதம் வரை முடித்திருக்க வேண்டும், நேரியல் இயற்கணிதம் ஒரு பருவமாவது படித்திருக்க வேண்டும். புள்ளியியலில் ஒரு பாடமும் நிரல் எழுதிய பழக்கமும் இருந்தால் நல்லது. பிஎச்டிக்கு என்றால் மெய்ப் பகுப்பாய்வில் எடுத்த மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். உயிரியல் பட்டத்தைப் பொதுவாக யாரும் நிபந்தனையாக வைப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020க்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இ தேர்வைக் கைவிட்டன, அல்லது விருப்பத்துக்கு விட்டன. தேவையில்லாத தடை என்று தோன்றியதை எடுத்துவிடத் தெரிந்த அதே பேராசிரியர்கள் கணக்கு நிபந்தனையில் கைவைக்கவில்லை.

“எல்லாவற்றையும் மென்பொருள் செய்துவிடும்” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாதம். நாற்பது நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருபது பேருக்குப் பழைய மருந்து, இருபது பேருக்குப் புதியது. பழைய மருந்து எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், புதியதில் ஒருவரும் இறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தரவை ஆர் மென்பொருளில் போட்டு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டினால் விடை வருகிறது. மருந்தின் கெழு மைனஸ் 19ஐ ஒட்டி ஏதோ ஓர் எண், அதன் திட்டப் பிழை ஆயிரக்கணக்கில், பி மதிப்பு 0.99. அதாவது இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் இருப்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை என்கிறது அட்டவணை. இதே நாற்பது பேரை ஃபிஷரின் துல்லியச் சோதனையில் போடுங்கள், பி மதிப்பு 0.02 வரும்.

ஒரே தரவு 0.99 என்றும் சொல்கிறது, 0.02 என்றும் சொல்கிறது. எதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்? லாஜிஸ்டிக் ரிக்ரஷன் லைக்லிஹுட் என்ற சார்பின் உச்சியைத் தேடிப் போகிறது. ஒரு பக்கம் இறப்பே இல்லாதபோது அந்தச் சார்புக்கு உச்சி கிடையாது. கெழு மைனஸ் பக்கம் போகப் போக அது ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் ஏறும் வேகம் குறைந்துகொண்டே வரும். இனி ஏற்றம் தெரியவில்லை என்ற இடத்தில் மென்பொருள் களைத்து நின்று, அங்கிருந்த எண்ணை அச்சடித்துத் தருகிறது. வளைவு அங்கே தட்டையாக இருப்பதால் திட்டப் பிழை ஊதிப்போகிறது. சார்பின் உச்சம், வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு ஆகியவற்றைப் படித்தவருக்கு அந்த ஆயிரத்தைப் பார்த்ததும் பொறி தட்டும். படிக்காதவர் 0.99ஐ அப்படியே அறிக்கையில் எழுதி, நல்ல மருந்து ஒன்றைக் குப்பையில் போடுவார். மென்பொருள் கீழே சின்னதாக ஓர் எச்சரிக்கை காட்டலாம். அது எதைச் சொல்கிறது என்று புரிவதற்கும் இதே கணக்குதான் வேண்டும்.

நேரியல் இயற்கணிதத்தின் கதையும் இதுவே. வயது, பிறந்த ஆண்டு, பரிசோதனை நடந்த ஆண்டு மூன்றையும் ஒரே ரிக்ரஷன் மாதிரியில் போட்டால் அணியின் தரம் குறைந்துவிடும். ஏனென்றால், மூன்றாவது நெடுவரிசை மற்ற இரண்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மென்பொருள் ஒன்றைத் தானாகவே கழற்றிவிடும். எதைக் கழற்றியது, மிஞ்சியிருக்கும் கெழுக்களுக்கு இப்போது என்ன பொருள் என்பதை அணிகளைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

இதை வைத்து நான் மென்பொருளை மட்டமாகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலும் கவனம் தப்பினால் ஆபத்துதான். டியூக் பல்கலைக்கழகத்தில், புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்களைப் பார்த்து எந்த மருந்து வேலை செய்யும் என்று கணிப்பதாகச் சொன்ன ஆய்வுகளை எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் தோண்டி எடுத்துச் சரிபார்த்தார்கள். மரபணுப் பெயர்ப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது, சில இடங்களில் குறியீடுகள் தலைகீழாகியிருந்தன. 2009இல் அவர்கள் அதை வெளியிட்டபோது, அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளுக்கு மருந்து ஒதுக்கும் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அவை நின்றன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இன்னொருவர் ஓட்டினாலும் அதே விடை வரும்படி நிரல் எழுதும் ஒழுக்கம் பாடத்திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நல்ல துறைகள் அதையும் சொல்லித்தருகின்றன. ஆனால் அது கணக்கோடு சேர்த்துக் கற்க வேண்டிய ஒன்று. அதைக் காட்டி இதை நீக்க முடியாது.

அடுத்தது, “நிகழ்தகவுக் கோட்பாடும் அனுமானக் கோட்பாடும் வேலைக்குப் போனால் பயன்படாது” என்ற வாதம். முதலாண்டில் கசெல்லா, பெர்கர் எழுதிய தடித்த பாடநூலோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அதற்குப் பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது. 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இதய மாற்று அறுவை தொடங்கியது. மாற்று இதயம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, கிடைத்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாகத் தெரிந்தது. 1972இல் புள்ளியியலாளர் மிட்செல் கெய்ல் ஒரு கேள்வி கேட்டார். அறுவை நடக்க வேண்டுமானால் இதயம் கிடைக்கும்வரை நோயாளி உயிரோடு காத்திருக்க வேண்டாமா? காத்திருப்பில் சீக்கிரம் இறந்தவர்கள் எல்லோரும் தானாகவே “அறுவை இல்லை” என்ற பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். காத்திருந்து பிழைத்த நாட்களை அறுவையின் கணக்கில் எழுதிவிட்டால், பயனே இல்லாத அறுவைகூட ஆயுளை நீட்டியதாகத் தோன்றும்.

அதே 1972இல் டேவிட் காக்ஸ் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுக்கான தன் புகழ்பெற்ற மாதிரியை வெளியிட்டார். 1977இல் கிரௌலியும் ஹூவும் அதைக் கொண்டு, ஒவ்வொரு நோயாளியையும் அறுவை நாள்வரை ஒரு பக்கத்திலும் அதன் பிறகு மறு பக்கத்திலும் வைத்துக் கணக்கிட்டார்கள். முன்பு பார்த்த பெரிய பலன் அப்படியே நிற்கவில்லை. இன்றைக்கும் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் இதே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. எந்த நேரத்தில் யார் ஆபத்தில் இருந்தார்கள், எந்தத் தகவலை நிபந்தனையாக வைத்து நிகழ்தகவைக் கணக்கிடுகிறோம் என்று யோசிக்கும் பழக்கத்தைத்தான் அந்த முதலாண்டுப் பாடம் ஊட்டுகிறது. உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, காலப்போக்கில் திரும்பத் திரும்ப அளந்த தரவு, மருத்துவச் சோதனை வடிவமைப்பு என்று இரண்டாம் ஆண்டில் வரும் பாடங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

“உயிரியல் தெரிந்தவருக்குக் கணக்கைப் போகிற போக்கில் சொல்லிக் கொடுத்துவிடலாம்” என்கிறார்கள். நடைமுறையில் நடந்துவருவது இதற்கு நேர் எதிர். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைப் பாருங்கள், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதையும் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். 1959இல் வந்த முடிவு, வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்கு ஏறக்குறைய ஈடாக இருக்கிறது என்று காட்டியது. காசநோய் மருத்துவத்தின் போக்கையே அது மாற்றியது. அந்த மையத்தின் கட்டுரைகளில் மருத்துவர்களின் பெயரோடு எஸ். ராதாகிருஷ்ணா என்ற புள்ளியியலாளரின் பெயரும் வருகிறது. சளிக் கல்ச்சர் என்றால் என்ன, நோயாளி மருந்தை விழுங்கினாரா என்று எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் ஒரு புள்ளியியலாளர் இப்படிப்பட்ட இடத்தில் மருத்துவர்களோடு உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். அந்த ஆர்வமும் பணிவும் இல்லாதவர் இந்தத் துறைக்கு வரவே வேண்டாம் என்பேன். பல எம்எஸ் பாடத்திட்டங்களில் கொள்ளைநோயியல் இருப்பதும் இதற்காகத்தான். ஆனால் நோயைப் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர மருத்துவர் இருப்பார். நுண்கணிதத்தை அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

“சாஸ் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும்” என்ற வாதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களில் சாஸ் தெரிந்தவர்களுக்கு வேலை இருப்பது உண்மை. அது கிளினிக்கல் புரோகிராமர் வேலை. கண்ணியமான வேலை, அதற்கு எம்எஸ் தேவையே இல்லை. சோதனையை வடிவமைத்து, எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கணக்கிட்டு, பகுப்பாய்வுத் திட்டத்தில் கையெழுத்திடுபவர் வேறு. மருத்துவச் சோதனைகளின் புள்ளியியலுக்காக 1998இல் வந்த ஐசிஎச் இ9 வழிகாட்டுதல், அந்தப் பொறுப்பு தகுதியும் அனுபவமும் உள்ள புள்ளியியலாளரிடம் இருக்க வேண்டும் என்கிறது. எம்எஸ் தருவது அந்த நாற்காலிக்கான பயிற்சி.

கடைசி வாதம்தான் என்னை யோசிக்க வைப்பது. இந்த நிபந்தனை ஒரு சாராரை வெளியே நிறுத்துகிறது என்பதில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் குரூப் எடுத்த பிள்ளைக்குக் கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் எடுத்த முடிவு, பல நேரம் பள்ளியே எடுத்த முடிவு. அவர் பிஎஸ்சி விலங்கியல் முடித்துவிட்டு, “சார், ஆர் கோர்ஸ் பண்ணியிருக்கேன், போதும்ல?” என்று கேட்கும்போது, போதும் என்று சொல்லி அனுப்புவதுதான் அவருக்குச் செய்யும் அநியாயம். அவரைக் கடன் வாங்கவைத்து, நிரப்ப முடியாத பள்ளத்தில் இறக்கிவிடுகிறோம்.

வாசல் அவருக்கு மூடியிருக்கவில்லை, படி கொஞ்சம் உயரம். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும், வகையீடும் தொகையீடும் அவற்றில்தான் இருக்கின்றன. பிறகு பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், அடிப்படை நிகழ்தகவு. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிகிற காரியம். யூடியூபில் பார்த்தேன் என்றால் தேர்வுக் குழு ஏற்காது. தேர்வு எழுதி, மதிப்பெண் சான்றிதழில் பாடத்தின் பெயர் வரும்படி ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து படிக்க வேண்டும். எந்தச் சான்று செல்லும் என்பதை, கட்டணம் கட்டுவதற்கு முன்பே சேரப்போகும் துறைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட வேண்டும். இவ்வளவுக்கு மனமில்லை, நோயாய்வுதான் விருப்பம் என்றால், அதே பல்கலைக்கழகங்களின் பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் எம்பிஎச் இருக்கிறது. அங்கே புள்ளியியலைப் பயன்படுத்துவதற்கான பாடங்கள் தனியாக உண்டு, பொதுவாக நுண்கணிதம் கேட்பதில்லை. விண்ணப்பிக்கும் நாளிலேயே இந்த இரண்டில் எது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்சிகள் அவர் கையில் கொடுக்கும் காகிதத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியதும் இதுதான்.