உறவைப் பார்க்க இத்தனை நாள் சம்பளமா?



கோத்தகிரியில் அக்கா இறந்துவிட்டார் என்று விடியற்காலையில் போன் வருகிறது. இங்கே கொழுந்தெடுக்கும் தங்கை அன்று வேலைக்குப் போகவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து அழுதார். சாவு வீட்டுக்கும் போக முடியவில்லை. அவரிடம் பாஸ்போட் இல்லை. பேரனின் போனில் படம் பார்த்ததுதான் அவர் செலுத்திய இறுதி மரியாதை. இது எமது கிளையில் நடந்தது. உங்கள் தோட்டத்திலும் நடந்திருக்கும்.

"தோட்டத்து ஆட்களுக்கு எதற்குப் பாஸ்போட்? ஊர் சுற்றவா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்போம்: அந்த அக்காவையும் தங்கையையும் பிரித்தது யார்? 1948இல் எமது பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். எம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில். தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரி மலைகளில் எம்மைப் போலவே கொழுந்து பறிக்கிறார்கள். குடும்பத்தைப் பிரித்தது அரசாங்கங்கள். பார்க்கப் போகும் செலவு மட்டும் தொழிலாளியின் தலையிலா?

கணக்கைப் பாருங்கள். ஒருநாள் சேவையில் ஒரு பாஸ்போட்டுக்கு 20,000 ரூபா. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த 2025இல் அது ஏறக்குறைய 15 நாள் உழைப்பாக இருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 80,000 ரூபா. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 60 நாள் சம்பளம். விசாவும் டிக்கட்டும் வேறு. சாதாரண சேவையில் கட்டணம் குறைவுதான். ஆனால் சாவு காத்திருக்குமா?

காசு இருந்தாலும் அலைச்சல் தீராது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பெயரைச் சிங்களத்தில் பிழையாக எழுதியவர் ஓய்வூதியம் வாங்குகிறார். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கும் சத்தியக்கடதாசிக்கும் நாம் அலைகிறோம். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒருநாள் சம்பளம் போகிறது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப வெளியே நிற்கும் தரகருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். எமது பெண்ணை வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், ஏஜென்சிக்காரர் லயத்துக்கே வந்து எல்லாக் கடதாசியையும் சரிசெய்து பாஸ்போட் எடுத்துக் கொடுக்கிறார். உழைப்பை விற்கப் போனால் கதவு திறக்கிறது. கூடப் பிறந்தவளின் முகம் பார்க்கப் போனால் மூடுகிறது. நாம் கைகளும் முதுகும் மட்டுமல்ல, குடும்பம் உள்ள மனிதர்கள்.

ஆகவே நாம் கேட்பது:

1. குடும்பமாக விண்ணப்பிக்கும் தோட்டத் தொழிலாளருக்குச் சலுகைக் கட்டணம்.
2. நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய் என்றால் மேலதிகக் கட்டணமில்லாத அவசர சேவை.
3. தோட்டங்களுக்கு வரும் நடமாடும் சேவை. பெயர்ப் பிழைகளை அங்கேயே, தமிழில், இலவசமாகத் திருத்த வேண்டும்.
4. இந்த வேலைக்காகப் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு.

தேர்தல் மேடையில் "தொப்புள்கொடி உறவு" என்று முழங்கியவர்களிடம் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை நாமும் சும்மா இருக்கக்கூடாது. இன்றிரவே பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ பதிந்துகொள்ளுங்கள். ஒரு தோட்டத்துப் பிழைகளை ஒரே பட்டியலாகக் கொண்டுபோனால் எந்தக் கந்தோரும் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்த சாவுச் செய்தி வருவதற்கு முன் இதைச் செய்வோம்.